நிலநடுக்கம் அறிவிக்கும் கருவி நமது லயத்துக்குத் தேவையா?



சென்ற மாதம் ஒரு நாள் பின்னேரம் பிள்ளை மடுவத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அக்கா, மலையில் இருந்து இறங்கிய கையோடு, கூடையை வாசலில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை நிறத்தில், சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி.

"ஐயா, பூமி ஆடினா இது முன்னாடியே கத்துமாம். லயத்துல மாட்டி வச்சா ராத்திரி பயமில்லாம தூங்கலாமேன்னு மகன் சொல்றான். வாங்கி அனுப்பச் சொல்லவா, வேணாமா? காசு அவன் காசுதான், ஆனா வீண் செலவு ஆகிறக் கூடாது பாருங்க."

கேள்வி நியாயமான கேள்வி. உடனே வாயில் வந்ததைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. "அக்கா, கொஞ்சம் பொறுங்க, நல்லாப் பார்த்து நம்ம பத்திரிகையிலேயே எழுதுறேன். எல்லாருக்கும் பயன்படும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில்தான் இது.

நான் ஆட்டத்தில் எழும்பிய நாள்

உங்களில் பலருக்குத் தெரியும், எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் வடமராட்சி. பருத்தித்துறைப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் வீடு. 2012ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு லீவில் போயிருந்தேன். ஏப்ரல் 11, புதன்கிழமை. பகல் சாப்பாடு முடித்து விறாந்தையில் கட்டிலைப் போட்டுப் படுத்தவன் நன்றாகத் தூங்கிவிட்டேன். இரண்டேகால் மணி இருக்கும். யாரோ கட்டிலின் காலைப் பிடித்து மெதுவாக அங்கும் இங்கும் இழுப்பது போல இருந்தது. அக்காவின் பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

அம்மா குசினியில் இருந்து கத்தினார். "தம்பி, எழும்பு! நிலம் ஆடுது. கிணத்துத் தண்ணி அலம்புது, வந்து பார்!"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு துளி காற்று இல்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் வாளியைத் தூக்கி ஆட்டினாற்போல் ஒரு சுவரில் ஏறி மற்றச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் றோட்டில் ஆட்கள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். "கடல் வரப்போகுதாம், வெளிக்கிடுங்கோ!" என்று சத்தம். வானொலியிலும் சுனாமி எச்சரிக்கை சொன்னார்கள். அம்மா அடுப்பை அணைத்தார், அடையாள அட்டைகளை எடுத்தார், கதவைப் பூட்டினார். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் நெல்லியடிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அன்றைக்கு அவர்தான் எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

ஏன் அப்படி நடந்தார் என்றால், 2004 டிசம்பர் 26ஐ அவர் மறக்கவில்லை. அன்று காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நமது நேரம் ஏழு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. அங்கிருந்து வடமராட்சிக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அசைவு தெரியவில்லை. கடல் அலை வந்து சேர இரண்டு மணித்தியாலம் போல எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு ஒரு சொல் சொல்ல ஆளில்லை. எங்கள் சின்னம்மா மணற்காட்டுப் பக்கம் கரைக்குப் போனவர். பிறகு திரும்பி வரவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். உடுத்துறை, ஆழியவளை, மருதங்கேணி, தாளையடி என்று வடமராட்சி கிழக்குக் கரையில் செத்த வீடு இல்லாத ஊர் இல்லை. நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கு மேல்.

2012இல் கடல் வரவில்லை. அன்றைய நடுக்கமும் மிகப் பெரியது, அளவு 8.6. ஆனால் அந்த முறை கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்தன. 2004இல் போலக் கடலின் அடி நிலம் மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கவில்லை. அதனால் பெரிய அலை இல்லை. பின்னேரம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். "வீணாய் நடந்தம்" என்று பக்கத்து வீட்டு அண்ணர் சலித்துக்கொண்டார். அம்மா சொன்னார்: "வீணாய் நடந்தது நல்லதுதானே. அண்டைக்கு ஆரும் எங்கட தங்கச்சிய இப்பிடி வீணாய் நடக்க வைச்சிருந்தா அவ இண்டைக்கு இருப்பா."

இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு இனிக் கருவிக்கு வருவோம்.

கருவி எப்படி முன்கூட்டியே அறிகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நிலம் நடுங்கும், அடுத்த கிழமை நடுங்கும் என்று சொல்லக்கூடிய கருவி உலகத்தில் எங்கேயும் இல்லை. அப்படிச் சொல்லி விற்க வந்தால் நம்ப வேண்டாம். நடுக்கம் தொடங்கிய பிறகுதான் எந்தக் கருவியும் அதை அறியும்.

அப்படியென்றால் 'முன்னாடியே கத்தும்' என்பது என்ன? இடி மின்னலை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்டாகின்றன. ஆனால் வெளிச்சம் முதலில் வருகிறது, சத்தம் பின்னால் வருகிறது. நிலநடுக்கத்திலும் அப்படித்தான். நிலத்துக்குள் பாறை உடைந்து நழுவும்போது இரண்டு விதமான அலைகள் புறப்படுகின்றன. முதலாவது செக்கனுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும். அது மெல்லியது, அதிகம் கெடுதல் செய்யாது. இரண்டாவது செக்கனுக்கு மூன்றரைக் கிலோமீற்றர் போல ஓடும். சுவரை ஆட்டி வீழ்த்துவது இதுதான்.

வீட்டில் மாட்டும் கருவி முதல் அலையைப் பிடித்துச் சத்தம் போடுகிறது. இரண்டாவது அலை வரும் வரைக்கும் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம். நடுக்கம் 80 கிலோமீற்றருக்கு அப்பால் உண்டானால் பத்துச் செக்கன் போலக் கிடைக்கும். 8 கிலோமீற்றர் தூரத்தில் என்றால் ஒரே ஒரு செக்கன். காலடியிலேயே என்றால் ஒன்றுமில்லை.

பத்துச் செக்கனும் சில நாடுகளில் பெரிய காரியம்தான். ஜப்பானில் 2007ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே பொதுமக்களுக்கு இப்படி எச்சரிக்கை கொடுக்கிறது. நாடெங்கும் கருவிகளைப் புதைத்து, நடுங்கிய இடத்துக்கு அருகில் உள்ள கருவி சொன்னதும் தூரத்து ஊர்களுக்குத் தொலைக்காட்சியிலும் போனிலும் அறிவிக்கிறார்கள். மெக்சிக்கோ நகரத்துக்குக் கடற்கரைப் பக்க நடுக்கம் என்றால் ஒரு நிமிடம் வரையும் நேரம் கிடைக்கும், அங்கே தெருவிலேயே சங்கு ஊதும். அந்த ஊர்களில் அடிக்கடி நிலம் ஆடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் புகுந்து பழகியிருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் என்ன செய்வது என்று கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

தனி வீட்டில் ஒரு பெட்டி மாட்டுவது அப்படி இல்லை. அது அந்த ஒரு சுவரின் அசைவை மட்டும்தான் அறியும். லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில் கதவை அடித்துச் சாத்தினாலும், கொழுந்து லொறி கீழே போனாலும், பிள்ளைகள் குதித்தாலும் அது கத்தும். நாலு இரவு வீணாகக் கத்தினால் ஐந்தாவது இரவு பேட்டரியைக் கழற்றி ரேடியோவுக்குப் போட்டுவிடுவோம். இது மனித சுபாவம்.

இன்னொன்று. என்னைக் கட்டிலில் ஆட்டி எழுப்பியது போன்ற தூரத்து நடுக்கத்தில் நிலம் மெதுவாக, ஊஞ்சல் போல ஆடும். பக்கத்து நடுக்கத்தின் சடுதியான உதறலுக்காகச் செய்த பெட்டி அதற்குச் சத்தம் போடாமலும் இருக்கலாம். அன்று எங்களுக்குச் சொன்னது கிணறு.

நம் நாட்டில் நிலம் ஆடுமா?

ஆடும், ஆனால் குறைவு. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. தட்டும் தட்டும் முட்டுகிற ஓரங்களில்தான் பெரிய நடுக்கங்கள் வருகின்றன. சுமாத்திரா அப்படிப்பட்ட ஓரத்தில் இருக்கிறது. இலங்கை அந்த ஓரத்தில் இல்லை, தட்டின் உள்ளே இருக்கிறது. அதற்காக ஒன்றுமே வராது என்றும் சொல்ல முடியாது. 1615 ஏப்ரல் 14இல் கொழும்பில் நிலம் நடுங்கி வீடுகள் விழுந்ததாகப் போர்த்துக்கீசர் காலத்துக் குறிப்பு இருக்கிறது. நமக்குக் கிட்டவே, கண்டி மாவட்டத்தில் திகன பக்கம், 2020 ஓகஸ்ட் 29 இரவு நிலம் அதிர்ந்தது. அதன் பிறகும் சில தடவை சிறு அதிர்வுகள் வந்தன. அவை சின்ன அதிர்வுகள்தான், என்றாலும் சனம் பயந்துபோனது.

இவற்றைக் கவனிக்கப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் இருக்கிறது. பல்லேகல, ஹக்மன, மகாகனதராவ ஆகிய இடங்களில் நல்ல அதிர்வுமானிகள் உள்ளன. 2004க்குப் பிறகு, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உண்டானது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் அமைத்தார்கள். ஆகவே யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ திருகோணமலையிலோ உங்கள் உறவினர் கடற்கரையில் இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சுவரில் பெட்டி மாட்ட வேண்டிய அவசியம் இல்லை. நிலம் ஆடியது தெரிந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்ளே போனாலோ, எச்சரிக்கை கேட்டாலோ உடனே உள் ஊருக்குப் போய்விடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறி நிற்க மலை கிடையாது, எல்லாம் தட்டை நிலம். அதனால் நேரத்தோடு நடப்பதுதான் அங்கே மலை.

நம் லயத்துக்கு உண்மையான ஆபத்து எது?

கடல் நம்மிடம் வராது. பெரிய நடுக்கமும் அபூர்வம். ஆனால் நம்முடைய நிலமும் நகரும். அதை நகர்த்துவது மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்கள் வேறு இடம் போக வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே அறிவித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை சரிவுகள் இறங்கின! நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

ஆகவே நம் லயத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்றால், அது மழையை அளக்கும் கருவி. அதற்கு வெளிநாட்டுக் காசு தேவையில்லை. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். வளைவு இல்லாமல் நேராக இருக்கும் போத்தலாக எடுங்கள்.

1. போத்தலின் மேல்பக்கம் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல் துண்டைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள்.

2. அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும். சின்னக் கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம்.

3. பூச்சியத்தில் இருந்து பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து, ஏழரைச் சென்ரிமீற்றரில் ஒரு கோடு, பத்தில் ஒரு கோடு, பதினைந்தில் ஒரு கோடு போடுங்கள். இவை 75, 100, 150 மில்லிமீற்றர்.

4. கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெளியான இடத்தில், ஒரு கம்பத்தில் கட்டி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, கொப்பியில் எழுதி, மறுபடியும் பூச்சியக் கோட்டுக்குத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

ஒரு நாளில், அதாவது 24 மணித்தியாலத்தில், 75ஐத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் சாமான்களைக் கட்டி, வயசானவர்களையும் பிள்ளைகளையும் ஆயத்தமாக வைக்க வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இவை கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள். அடைமழை நாளில் இரவில் படுக்கு முன்னரும் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

போத்தலோடு கண்ணும் வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் விரிவு, திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, இருந்தாற்போல் வற்றிய ஊற்று, கானில் கலங்கி வரும் சேற்றுத் தண்ணீர், மேலே இருந்து கல் உருளும் சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். வெளியேறுங்கள். 117க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒருவேளை நிலமே நடுங்கினால்? வாசலுக்குக் கிட்ட நின்றால் வெளியான இடத்துக்கு ஓடுங்கள். கூரைத் தகரத்தின் மேல் பாரத்துக்கு வைத்த கற்கள் விழும் என்பதை நினைவில் வைத்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு, கூரை ஓரத்தில் நிற்காமல் தள்ளிப் போங்கள். உள்ளே அகப்பட்டால் உறுதியான மேசையின் கீழ் புகுந்து தலையைக் காப்பாற்றுங்கள். ஆட்டம் நின்றதும் அடுப்பை அணையுங்கள், செங்குத்தான மண் மேட்டின் அடியில் நிற்காதீர்கள். பிள்ளை படுக்கும் இடத்துக்கு மேலே தட்டில் பாரமான சாமான் இருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கருவி சொன்ன பிறகு என்ன?

"ஐயா, போகச் சொல்றீங்க, எங்க போறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும், இதுதான் பெரிய கேள்வி. மழையில், இருட்டில், பிள்ளைகளோடு, இருக்கிற நகையையும் டிவியையும் விட்டுவிட்டுப் போவது இலேசான விஷயம் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றையப் பேர் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. அதனால்தான் பலர் "விடியட்டும் பார்ப்போம்" என்று படுத்துவிடுகிறார்கள்.

ஆகவே இடத்தை மழைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து, கோவிலா, பள்ளிக்கூடமா, மடுவமா, எது சரிவுக்கு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். திறப்பு யாரிடம், யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், அவரை யார் தூக்குவது, பொது விளக்கு எங்கே என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை என்னிடம் கொண்டு வாருங்கள். துரையிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் பேசி ஒழுங்கு செய்வது என் வேலை. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

அக்காவுக்குப் பதில் இதுதான். அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் அக்கா. மகன் பிரியத்தோடு அனுப்ப நினைக்கிறார், அந்தக் காசுக்கு நல்ல டோர்ச் ஒன்றும், பேட்டரி ரேடியோ ஒன்றும், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் வைக்கத் தண்ணீர் புகாத பை ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். போத்தலை நானே வந்து வெட்டித் தருகிறேன். பேரனைக் கொப்பியில் எழுதப் பழக்குங்கள்.

ஒரு நாள் போத்தல் 150ஐக் காட்டி, எல்லாரும் நனைந்துகொண்டு கோவிலுக்குப் போய், விடிய வந்து பார்த்தால் லயம் அப்படியே இருக்கலாம். யாராவது "சும்மா அலைய வச்சிட்டாங்க" என்று சலித்துக்கொள்வார்கள். அப்போது என் அம்மா சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வீணாக நடந்தது நல்லதுதான். நடந்தவர்கள்தான் திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்